ஹெட்லைட் பல்புக்குள் ஒரு சின்னக் கிண்ணம்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் என் ஸ்கூட்டியின் ஹெட்லைட் பல்ப் பியூஸ் போய்விட்டது. ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று கேட்டேன். கடைத் தம்பி சிரித்துவிட்டு, "சேர், இன்னும் இந்த மஞ்சள் பல்பா? எல்.இ.டி. போடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்றார். ஐந்து நிமிட வேலை. உண்மையிலேயே பகல் மாதிரித்தான் இருந்தது. நான்கு நாள் நானும் சந்தோஷமாக ஓடினேன்.

ஐந்தாம் நாள் இஷா முடிந்து வரும்போது, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கை வளைவில், எதிரே சைக்கிளில் வந்த நம்ம ஹாஜியார் ஒருவர் அப்படியே கானுக்குள் இறங்கிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், முழங்காலில் தோல் உரிந்ததோடும் சைக்கிள் ரிம் வளைந்ததோடும் போயிற்று. ஒரு கண்ணுக்கு கற்றராக்ட் ஒப்பரேஷன் செய்தவர், மற்றக் கண் இன்னும் செய்யவில்லை. தூக்கி நிறுத்தியபோது அவர் சொன்னார்: "நீங்க வரக்குள்ள எனக்கு ரோட்டே இல்லாமப் போச்சு சேர்."

"நான் டிம்லதான் வந்தேன் ஹாஜியார்."

"அது டிம்மா?"

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கேள்விக்கு பதில் தெரியவில்லை. ஸ்விட்ச் டிம்மில்தான் இருந்தது. ஆனால் வெளிச்சம் டிம்மில் இல்லை. ஏன்? அந்த ஒரு கேள்வியோடு தேடப் போனவன் மூன்று கிழமையாக ஹெட்லைட்டின் சரித்திரத்துக்குள் சிக்கிக் கிடக்கிறேன். அதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஹெட்லைட்டில் வெளிச்சத்தைத் தருவது பல்ப். ஆனால் அதை வீதிக்கு அனுப்புவது பல்புக்குப் பின்னால் இருக்கிற பளபளப்பான கிண்ணம், அதாவது பரவளைவு ஆடி. அதன் குவியத்தில் விளக்கை வைத்தால் ஒளி சமாந்தரமாக முன்னால் போகும். குவியத்திலிருந்து ஓரிரு மில்லிமீற்றர் விலகினாலும் ஒளி வேறு பக்கம் போகும்.

இந்த ஆடியின் கணக்கு மோட்டார் வாகனத்தைவிட இரண்டாயிரம் வருடம் மூத்தது. கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டளவில் டயோக்ளிஸ் என்ற கிரேக்கர் எரிக்கும் ஆடிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சூரிய ஒளியை ஒரே புள்ளியில் சேர்த்து நெருப்பு மூட்டுவதுதான் அன்றைய நோக்கம். அந்த நூலின் கிரேக்க மூலம் தொலைந்துவிட்டது. முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது அரபு மொழிபெயர்ப்பு மட்டும்தான். பின்பு பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் பரவளைவு ஆடிகளைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார். ஹெட்லைட் என்பது அதே ஆடியைத் திருப்பிப் பிடித்ததுதான். வெளியிலிருந்து வரும் ஒளியைப் புள்ளியில் சேர்க்காமல், புள்ளியில் இருக்கும் ஒளியை வெளியே அனுப்புகிறோம்.

"எல்லாம் நாங்கள்தான் கண்டுபிடித்தோம்" என்று மார் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படியான பதிவுகளில் எனக்கு விருப்பமும் இல்லை. இப்னு அல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கிதாபுல் மனாழிர் எங்கே தொடங்குகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மிகப் பலமான ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது, அதன்பின் இருட்டான இடத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரிவதில்லை என்பதை அவர் ஒரு சான்றாக எடுக்கிறார். கண்ணிலிருந்து ஏதோ வெளியே போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. இல்லை, ஒளிதான் வெளியிலிருந்து கண்ணுக்குள் வந்து அதைத் தாக்குகிறது என்று நிறுவ அவர் எடுத்த ஆதாரங்களில் இதுவும் ஒன்று. ஹாஜியாருக்கு கானடியில் நடந்தது இதுவேதான்.

இனி வாகனத்துக்கு வருவோம்.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களுக்கு மின்சார விளக்கு இல்லை. எண்ணெய் விளக்கு, அதன்பின் கார்பைட் விளக்கு. மாங்காயையும் வாழைக்குலையையும் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கப் போடுகிறார்களே, அதே கார்பைட்தான். 1892இல் தோமஸ் வில்சன் என்பவர் அமெரிக்காவில் மின் உலையில் அதை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டபின், சைக்கிள் விளக்கு முதல் கார் விளக்கு வரை அது புகுந்துவிட்டது. மேலே தண்ணீர், கீழே கார்பைட் கட்டி. துளித்துளியாகத் தண்ணீர் விழ, அசெட்டிலின் வாயு வரும், பற்ற வைத்தால் வெள்ளைச் சுடர். நல்ல வெளிச்சம்தான், ஆனால் ஹை, டிம் என்று ஒன்றும் கிடையாது. மழையிலும் காற்றிலும் அதோடு பட்ட பாடு வேறு.

மின்சார பல்ப் அப்போதே வீடுகளில் இருந்தது. ஆனால் பழைய கரி இழை வீதிக் குலுக்கலைத் தாங்கவில்லை. 1910 அளவில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன்பின்தான் வாகனங்களுக்கு மின்விளக்கு தாக்குப்பிடித்தது. 1913இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் டைனமோ, ரெகுலேட்டர், ஹெட்லைட் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக விற்கத் தொடங்கியது.

இந்த இடத்தில்தான் சிக்கலும் வந்தது. சுடர் பெரியது, ஆடிக் கொண்டேயிருப்பது, அதன் ஒளி பரந்து போகும். டங்ஸ்டன் இழையோ சிறியது, பிரகாசமானது. அதைக் குவியத்தில் சரியாக வைத்தால் ஒளி ஈட்டி மாதிரிப் போகும். வீதி தூரம் தெரிந்தது. எதிரே வந்தவனுக்குக் கண் போனது. விளக்கு முன்னேற முன்னேற, முன்னால் வருகிறவனின் கண்ணுக்கு ஆபத்தும் கூடவே வளர்ந்தது. லைட்டை மங்கலாக்கிப் பார்த்தார்கள், ஹெட்லைட்டையே லீவர் வைத்துக் கீழே சாய்த்துப் பார்த்தார்கள்.

நல்ல தீர்வு 1925இல் ஒஸ்ராம் நிறுவனத்திடமிருந்து வந்தது. பெயர் பைலக்ஸ். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று குவியத்தில், அது ஹை. மற்றது குவியத்துக்குச் சற்று முன்னால், அது டிம். டிம் இழைக்குக் கீழே நகத்துண்டு அளவில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். இந்தப் பதிவின் கதாநாயகன் அந்தக் கிண்ணம்தான்.

தரம் 10, 11 பிள்ளைகள் ஒரு கடதாசியில் வரைந்து பாருங்கள். ஒளி முதல் குவியத்துக்கு முன்னால் இருந்தால், ஆடியின் மேல்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கித் திரும்பும், அதாவது வீதிக்கு. கீழ்பாதியில் படும் ஒளி மேல்நோக்கித் திரும்பும், அதாவது எதிரே வருகிறவரின் முகத்துக்கு. அந்தக் கிண்ணம் என்ன செய்கிறது? டிம் இழையின் ஒளி ஆடியின் கீழ்பாதிக்குப் போகாமல் மறைக்கிறது. முகத்துக்குப் போகும் ஒளி பிறக்கவே இல்லை. டிம் என்பது வெளிச்சத்தைக் குறைப்பது என்றுதான் நானும் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அது வெளிச்சத்தை வெட்டுவது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு தெரியும்.

ஸ்கூட்டரின் கதை இதற்கு 20 வருடம் பிந்தியது. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை குண்டு வீச்சில் அழிந்தது. யுத்தம் முடிந்ததும் விமானம் வாங்க ஆளில்லை, சனங்களுக்கு மலிவான வாகனம் தேவை. கொராடினோ டஸ்கானியோ என்ற ஹெலிகொப்டர் பொறியியலாளர், மோட்டார் சைக்கிளே பிடிக்காத மனிசன், வெஸ்பாவை வரைந்தார். 1946 ஏப்ரல் 23இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த முதல் வெஸ்பாக்களில் ஹெட்லைட் ஹேன்டிலில் இல்லை, முன் மட்காட்டுக்கு மேல் தவளைக் கண் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பதிவிலிருந்து அடித்தால் பள்ளம் மேடு எல்லாம் நீண்ட நிழலோடு தெரியும், தூரம்தான் தெரியாது. 1950களில் ஹெட்லைட் மெல்ல ஹேன்டிலுக்கு ஏறியது. பிறகு இந்தியாவில் பஜாஜ் வெஸ்பாவை லைசன்ஸில் செய்து, 1972இல் சேட்டக் வந்தது. இங்கே எந்தக் கம்பனி ஸ்கூட்டரைக் கண்டாலும் நாம் "ஸ்கூட்டி" என்கிறோம். அது டி.வி.எஸ். கம்பனி தன்னுடைய ஒரு வண்டிக்கு வைத்த பெயர்.

பழைய வெஸ்பாவிலிருந்து நம்ம ஊரில் இன்றும் ஓடுகிற பல ஸ்கூட்டிகள் வரை மாறாமல் வந்த ஒரு பழக்கம் உண்டு. ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பற்றரியிலிருந்து வராது, என்ஜினோடு சுற்றும் மெக்னட் கொயிலிலிருந்து நேரே வரும். அது ஆடலோட்ட மின்னோட்டம். என்ஜின் வேகமாகச் சுற்றினால் லைட் கூடும், மெதுவாகச் சுற்றினால் குறையும்.

வாப்பாவின் பழைய 6 வோல்ட் ஹொண்டாவில் வயலுக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாய்க்கால் கட்டில் பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் லைட் குறைந்து பள்ளமே தெரியாது. வாப்பா கிளச்சைப் பிடித்துக்கொண்டு எக்ஸிலேட்டரை முறுக்குவார். என்ஜின் கத்தும், வெளிச்சம் வரும், பள்ளத்தைப் பார்ப்பார், இறங்குவார். யானைக் காலத்தில் அந்தச் சத்தம் வேறு வகையிலும் உதவியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6 வோல்ட் ஏன் 12 வோல்ட் ஆனது? கணக்குச் சின்னது. 24 வாட் பல்ப் ஒன்றுக்கு 6 வோல்ட்டில் 4 அம்பியர் வேண்டும், 12 வோல்ட்டில் 2 அம்பியர் போதும். வயரில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், பாதி மின்னோட்டம் என்றால் வீணாவது கால்வாசி. துருப்பிடித்த ஏர்த், தளர்ந்த கனெக்டர் எல்லாவற்றையும் 12 வோல்ட் கொஞ்சம் பொறுத்துப் போகும்.

பல்புக்குள்ளே அடுத்த பெரிய மாற்றம் ஹலோஜன். சாதாரண பல்பில் டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி கண்ணாடியில் கரியாகப் படியும். பழைய பல்ப் கறுத்துப் போவது அதனால்தான். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி என்ற இருவர் பல்புக்குள் சிறிது அயடீனைச் சேர்த்தார்கள். 1959இல் காப்புரிமை கிடைத்தது. ஆவியாகும் டங்ஸ்டனை அயடீன் பிடித்துக்கொண்டு திரும்ப இழைக்கே கொண்டு வந்து விடும். இது நடக்க பல்பின் சுவர் 250 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் ஹலோஜன் பல்ப் அவ்வளவு சின்னது, அதனால்தான் குவார்ட்ஸ். அந்தக் குவார்ட்ஸை வெறும் விரலால் தொடக்கூடாது என்று கராஜ் பாஸ்மார் சொல்வதும் சும்மா இல்லை. விரலின் எண்ணெயும் உப்பும் அந்தச் சூட்டில் குவார்ட்ஸைக் கெடுத்துவிடும். நான் தொட்டுத்தான் போட்டிருக்கிறேன், இரண்டு முறை. இரண்டும் நாள் எண்ணிப் போயின.

1962இல் ஐரோப்பாவில் கார்களுக்கு முதல் ஹலோஜன் பல்ப் எச்1 வந்தது. அதில் ஒரே ஓர் இழை. 1971இல் எச்4. இரண்டு இழை, டிம் இழைக்குக் கீழே நம்ம கிண்ணம். 1925இன் யோசனை அப்படியே ஹலோஜனுக்குள் குடிவந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் அதன் சின்னத் தம்பி எச்.எஸ்.1, 35/35 வாட். நம்மில் பலருடைய வண்டியில் இருப்பது அதுதான். பியூஸ் போன என் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிண்ணம் அப்படியே இருந்தது. வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கும் காட்டினேன்.

எச்4க்கும் எச்.எஸ்.1க்கும் முகம் ஒன்று, காது கொஞ்சம் வேறு. காதை அரத்தால் ராவிப் போட்டு விடுகிற ஆட்கள் நம்மூரிலும் உண்டு. எச்4 என்பது 60/55 வாட். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 அம்பியர். 35 வாட்டுக்கு 3 அம்பியர் போதும். 3 அம்பியருக்குக் கட்டிய கொயில் 5 அம்பியர் தராது. வோல்ட் விழும், புதுப் பல்ப் பழையதைவிட மங்கலாக எரியும், ஹோல்டர் உருகும், ஆடியின் பூச்சு பொசுங்கும். கூட வாட் போட்டுக் குறைந்த வெளிச்சம் வாங்குகிற வியாபாரம் இது.

இனி எல்.இ.டி. சிவப்பும் பச்சையும் பல காலமாக இருந்தன, நீலம்தான் வரவில்லை. 1993இல் ஜப்பானில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்தார். அதற்கு மேல் மஞ்சள் பொஸ்பர் பூசி வெள்ளை ஒளி வந்தது. அகசாகி, அமானோ ஆகியோரோடு சேர்த்து 2014இல் மூவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு. 2007இல் லெக்ஸஸ் கார் ஒன்றில் டிம் லைட்டே எல்.இ.டி. ஆனது. இப்போது ஸ்கூட்டர்களும் கம்பனியிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. அந்த வண்டிகளில் ஆடியும் வில்லையும் எல்.இ.டி.க்கென்றே கணக்குப் போட்டுச் செய்தவை.

நான் செய்தது வேறு. இழைக்கும் கிண்ணத்துக்கும் கணக்குப் போட்ட ஆடிக்குள், கிண்ணமே இல்லாத ஒன்றைச் சொருகினேன். கழற்றிப் பார்த்தேன். ஒரு தட்டின் இரண்டு பக்கமும் சிப்கள். டிம் சிப்பின் ஒளி ஆடியின் மேல்பாதிக்கும் போகிறது, கீழ்பாதிக்கும் போகிறது. கீழ்பாதியில் பட்டது எங்கே போகும் என்று மேலே சொன்னேன். ஹாஜியாரின் முகத்துக்கு. அதோடு கற்றராக்ட் உள்ள கண்ணுக்குள் அந்த ஒளி சிதறிப் பரவும், முன்னால் ஒரு வெள்ளைத் திரை விழுந்த மாதிரி. "அது டிம்மா?" என்று அவர் கேட்டது சரியான கேள்வி. அது டிம் இல்லை.

கிண்ணம் வைத்து இழையின் இடத்திலேயே சிப் வைத்த நல்ல எல்.இ.டி. பல்புகளும் இருக்கின்றன, விலையும் அப்படி. ஆனால் கொயிலிலிருந்து நேரே லைட் எரியும் வண்டியில் அதற்கும் பிரச்சினை உண்டு. ஆடலோட்டத்துக்கு ஏற்ற சுற்று உள்ளே இல்லாவிட்டால் பல்ப் துடிக்கும், ரெகுலேட்டர் கொஞ்சம் பழுது என்றால் செத்துப்போகும்.

நம்ம ஊரில் இந்த வெள்ளை லைட் எப்போது இவ்வளவு கூடியது என்று யோசித்துப் பார்த்தேன். 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். ஐந்து வருடம் புது ஸ்கூட்டி இல்லை, பழையதன் விலை கேட்டால் தலை சுற்றும். இருந்ததைப் பூசி மெழுகி ஓட்டினோம். இடையில் 2022. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வீதி முழுக்க இருட்டு, மாடுகள் வேறு. ஆடியோ பூச்சுப் போய் மங்கிக் கிடக்கிறது, முன் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. அந்த நேரத்தில் மலிவாக ஒரு எல்.இ.டி. கிடைத்தால் யார் விடுவார்? ஆகவே போட்டவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. நானும் போட்டவன்.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பெட்டியில் எச்.எஸ்.1 35/35 என்று தெளிவாக அச்சிட்ட, பெயருள்ள கம்பனி ஹலோஜன் ஒன்று வாங்கினேன். கண்ணாடியைத் தொடாமல் துணியால் பிடித்து மாட்டினேன். ஏர்த் வயரின் துருவைச் சுரண்டினேன். முன் பிளாஸ்டிக்கை மினுக்கினேன். மினுக்கியதே பாதி வெளிச்சத்தைத் திருப்பித் தந்த மாதிரி இருந்தது.

பிறகு மஃரிபுக்குப் பின் பாடசாலையின் பின்சுவருக்குப் போனோம், நானும் மகனும். ஹெட்லைட்டின் நடுவில் இருந்து நிலம் வரை உள்ள உயரத்தை அளந்து சுவரில் சோக்கால் ஒரு கோடு. அதற்கு 10 சென்றிமீற்றர் கீழே இன்னொரு கோடு. வண்டியைச் சரியாக 10 மீற்றர் தூரத்தில் நேராக நிறுத்தி, நான் ஏறி உட்கார்ந்து, டிம்மில் அடித்தேன். ஆள் ஏறாமல் அளந்தால் கணக்குப் பிழைக்கும், பின்பக்கம் இறங்க லைட் மேலே போய்விடும். மகன் ஸ்க்ரூவைத் திருப்பினான். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் வந்து நின்றது. மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் வெட்டினாற்போல ஒரு கோடு.

வாப்பாவுக்குக் கிடைக்காத வெளிச்சம் அது. அந்தப் பகல் மாதிரி லைட் அளவுக்கு இல்லைதான், ஆனால் வளைவில் கான் எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது. ஹாஜியாரின் ரிம்மையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்றுதான் சொன்னார்.

சோக்குக் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது. அதிபரிடம் கேட்டுவிட்டேன், அனுமதி தந்தார். வருகிற வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு ஸ்கூட்டி, மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் வரலாம், ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.